பின்கதவின் சுமை: உதிரிச் சக்கரத்திற்குத் தனித் தாங்கி பொருத்தும் முறை

லுக்குட் வட்டாரத்துத் தோட்டப் பாதைகளை அறிந்தோர்க்கு உதிரிச் சக்கரத்தின் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. மழை நாள்களில் செம்மண் குழைந்துவிடும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் முள் சேற்றுக்குள் மறைந்து கிடக்கும். உட்புறக் குடியிருப்பிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் மருத்துவமனைக்கு விரையும் வண்டி, இடைவழியில் டயர் கிழிந்து நின்றுவிடுமாயின், மாற்றுச் சக்கரம் உடனே கைக்கெட்ட வேண்டும். அச்சக்கரம் வண்டியின் எப்பகுதியில், எதன் வலுவை நம்பித் தொங்குகிறது என்பதையே இங்கு ஆராய்வோம்.

நம் தோட்டங்களுக்கு நெடுநாள் பழக்கமான லேண்ட்ரோவரையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பாதையற்ற இடங்களிலும் செல்லவல்ல வண்டியின் தேவை பெருகிற்று. பழைய வண்டிகளில் உதிரிச் சக்கரம் முன்மூடியின் மேலோ பின்தட்டிலோ கிடந்தது. முன்மூடியைத் திறக்கும்போதெல்லாம் சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கியவர்களின் தோள் அதை எளிதில் மறந்திராது. பின்னாளில் மூடிய உடலுடன் வந்த வண்டிகளில் சக்கரம் பின்கதவுக்கு இடம் பெயர்ந்தது. 1990 முதல் டிஃபெண்டர் என்ற பெயர் தாங்கிய பழைய வடிவ வண்டிகளின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்று தோட்டங்களில் பிக்கப் வண்டிகளே மிகுதி. எனினும், பழைய வண்டியைப் பேணி ஓட்டுவோர் இன்னும் உளர்; அவர்களுக்கு வரும் முதல் தொல்லைகளுள் ஒன்று பின்கதவுத் தொல்லையாகும்.

கதவு ஏன் தளர்கிறது?

இத்தகைய வண்டியின் சக்கரம், டயரும் ரிம்மும் சேர்ந்து, ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. பால் வாளியை உடலோடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பால்வெட்டுத் தொழிலாளர் எவரும் நன்கறிவர். வாளி ஒன்றே, ஆனால் தோளுக்கு வரும் இழுப்பு வேறு. கதவின் நடுவே தொங்கும் சக்கரம், கதவின் ஓரத்திலுள்ள கீல்களை அவ்வாறே நீட்டிய கை போல இழுக்கிறது. வண்டி நிற்கும்போது 30 கிலோவாக இருக்கும் சுமை, பள்ளத்தில் விழுந்தெழும் கணத்தில் இருமடங்கு, மும்மடங்காகும். ஒரு நாளில் அத்தகைய அதிர்வுகள் எத்தனை என்பதைத் தோட்டப் பாதையில் சென்றவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதன் விளைவாகக் கீல்களின் ஆணிகள் தேய்கின்றன. கதவு சற்றே கீழிறங்குகிறது. பூட்டு தன் இடத்தில் சரியாக விழுவதில்லை. சக்கரம் பொருத்திய இடத்தைச் சுற்றிக் கதவின் மெல்லிய தகட்டில் வெடிப்புத் தோன்றுகிறது. இதனைச் சிறு குறை என்று விடுவதற்கில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மோட்டார்சைக்கிள்கள் பின்னே வரும் நேரத்தில் அக்கதவு திறந்து வீசினால், அல்லது சக்கரமே கழன்று சாலையில் உருண்டால், நேரக்கூடியதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, கதவின் சுமையைக் கதவிலிருந்து நீக்கிவிடுவதே தக்க வழி. இதற்கெனத் தனியே விற்கப்படும் தாங்கிகளில் இருவகை உண்டு. ஒருவகை, கதவுக்கு அருகிலுள்ள உடற்பகுதியில் கீல்களோடு இணைந்து நிற்கும். மற்றொருவகையின் அடிக்கால், அடிச்சட்டத்தின் பின்குறுக்குச் சட்டத்தின் மீது ஊன்றியிருக்கும். சுழலும் கை அதன்மேல் நிற்கும். விலையில் முன்னது குறைவாக இருக்கலாம். ஆயினும், சுமையை மெல்லிய உடலுக்கு மாற்றுவதால் சிக்கல் இடம் மாறுகிறதேயன்றித் தீர்வதில்லை. சட்டத்தில் ஊன்றும் தாங்கியே நம் கருத்தில் சிறந்தது. வாங்குமுன், 'எடை எவ்வழியாகச் சட்டத்தைச் சென்றடைகிறது?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விரலால் சுட்டிக் காட்ட இயலாத தாங்கியை வாங்காதிருப்பதே நன்று.

பொருத்துமுன் பார்க்க வேண்டியவை

பழைய லேண்ட்ரோவரில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களுள் பின்குறுக்குச் சட்டமும் ஒன்று. சேறும் நீரும் அதனுள்ளே தேங்கி, வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். சிறு சுத்தியலால் அடிப்புறம் முழுவதும் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென்ற ஒலி வருமிடம் நல்லது. மந்தமான ஒலி வந்தாலோ, திருப்புளி முனை உள்ளே இறங்கினாலோ, சட்டத்தைச் சீர்செய்யாமல் தாங்கியைப் பற்றி நினைக்கவே கூடாது. துருவேறிய சட்டத்தின்மேல் தகடு ஒட்டி மறைக்கும் பட்டறை வேலையைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

மற்றொன்று உலோகங்களின் பகை. உலகப்போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு நிலவியமையால் லேண்ட்ரோவரின் உடல் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயிற்று, அடிச்சட்டமோ எஃகு. இவ்விரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டு, இடையில் உப்பு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் வெண்மாவாகப் பொடிந்து அரிக்கப்படும். லுக்குட், கடற்காற்று வீசும் போர்ட்டிக்சனுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆதலால் தாங்கி உடலைத் தொடும் இடங்களிலெல்லாம் நைலான் வாஷர் அல்லது ரப்பர்த் தகடு இடுவதும், துளைகளின் விளிம்பில் வண்ணம் பூசுவதும் இங்கு இன்றியமையாதன.

துளையிடுமுன் பின்புறம் என்ன உள்ளது என்று குனிந்து பாருங்கள். நீளமான வண்டிகளில் எரிபொருள் தொட்டி பின்குறுக்குச் சட்டத்திற்கு அருகிலேயே உண்டு; விளக்குகளுக்கான கம்பிகளும் அவ்வழியே செல்லும். தொட்டியருகே பற்றவைப்பு வேலை நிகழ்வதாயின் அதனைக் கழற்றியே ஆகவேண்டும். மின்கலத்தின் இணைப்பையும் முன்னரே எடுத்துவிட வேண்டும்.

பொருத்தும் முறை

சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பழைய சக்கரத்தைக் கதவிலிருந்து கழற்றுக. போல்ட்டுகளைக் கையால் திருகும் அளவோடு நிறுத்திக்கொண்டு, வெறுங்கையைத் திறந்தும் மூடியும் பார்த்தல் வேண்டும். சுழல் அச்சு செங்குத்தாக இல்லாவிடில், சரிவான பாதையில் கை தானாகத் திறந்து வேலையாளை மோதக்கூடும். திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் தடுப்பு இல்லாத தாங்கி தோட்டத்திற்கு ஏற்றதன்று. எல்லாம் நேரானபின் இறுக்குக.

தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகள் உகந்தவை. 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றிற்கு ஏறத்தாழ 45 நியூட்டன் மீட்டரும், 12 மில்லிமீட்டருக்கு 80-ம் பொதுவான அளவு. தாங்கியோடு வந்த தாளில் வேறு அளவு இருப்பின் அதுவே முதன்மை. நைலான் பூட்டு நட்டைக் கழற்றினால், மீண்டும் பயன்படுத்தாமல் புதியதை இடுக. மூடிய நிலையில் கை தன் ரப்பர் தலையணையில் சற்றே அழுந்தி அமர வேண்டும். இடைவெளி இருந்தால் கடகடவென்று ஆடி, ஆடிய இடமே தேயும். பூட்டுக்கு மேலாகக் காப்பு ஆணி ஒன்றும் இருத்தல் நலம். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்தாக வேண்டும். சுழல் அச்சில் கிரீஸ் இடுதலை வழக்கமான பராமரிப்போடு சேர்த்துக்கொள்க.

பின்விளக்கும் பதிவெண் பலகையும் சக்கரத்தால் மறையலாகாது. மறையுமானால் அவற்றை இடம் மாற்றியபின்னரே சாலைக்கு வரலாம். இத்தகைய மாற்றங்களுக்கு ஒப்புதல் வேண்டுமா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்கூட்டியே விசாரித்தறிவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

பிக்கப் வண்டிகளில் சக்கரம் தட்டின் அடியில் சங்கிலியாலோ கம்பியாலோ தொங்கும். சேற்றில் ஊறிய அக்கம்பி துருவேறி இறுகிவிடுவதுண்டு. சில மாதங்களுக்கொருமுறை சக்கரத்தை இறக்கி, கழுவி, எண்ணெயிட்டு ஏற்றினால், அவசரத்தில் ஏமாற்றம் இராது.

வெளியே தொங்கும் டயரோ வெயிலையும் மழையையும் ஆண்டு முழுதும் தாங்குகிறது, ஓடாமலேயே முதுமையடைகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைக் காணலாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். சுவரில் நுண்வெடிப்புகள் தெரிகின்றனவா என்றும், காற்று உள்ளதா என்றும் மாதந்தோறும் பாருங்கள். ஜேக்கும் சக்கர ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும். அந்த ஸ்பேனர் தாங்கியின் நட்டுகளுக்கும் பொருந்துகிறதா என்பதைப் பொருத்திய அன்றே சோதித்துக்கொள்ளுங்கள்.