பக்கத்து மனைச் சுவரால் பட்டறைக்குள் வெள்ளம்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் மனையில் விழும் மழைநீர், காலங்காலமாகக் கிழக்கே தாழ்ந்திருக்கும் மனை வழியாகத்தான் ஓடைக்கு வடியும். அதை வாங்கியவர் கிராவல் கொட்டி மேடாக்கி, காம்பவுண்ட் சுவரும் எழுப்பிவிட்டார். ஐப்பசி மழையில் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கார்த்திகை தீபத்துக்காகச் செய்து காயவைத்திருந்த அகல் விளக்குகள், சூளைக்குப் போகும் முன்பே கரைந்துவிட்டன. கேட்டால், "மழைக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதை விளக்கத்தோடு சொல்கிறது: மேட்டு நிலத்தில் விழுந்து, தனி வாய்க்கால் இல்லாமல் பரவி வரும் நீரை, அடுத்த தாழ்ந்த நிலத்துக்காரர் இயல்பாக ஓடவிட வேண்டும். ஆனால் கூரைத் தண்ணீரைக் குழாயில் சேர்த்து அவர் பக்கம் திருப்பியிருந்தாலோ, பட்டறைக் கழிவுநீரை விட்டிருந்தாலோ இந்தப் பிரிவு கைகொடுக்காது. அப்படி ஏதாவது இருந்தால் உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எதிர்த்தரப்பு 1874ஆம் ஆண்டு கார்வெட்நகர் ஜமீன் வழக்கைக் காட்டலாம். பெருமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாலங்கள் சேதமாயின. கவனக்குறைவு இல்லாததால் ஜமீன்தார் பொறுப்பல்ல என்றது லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே காரணம் வேறு. ஊர் பிழைக்க ஏரி வேண்டும், அதைப் பராமரிப்பது ஜமீனின் கடமை என்று பார்த்தார்கள். தனி மனைச் சுவருக்கு அந்தச் சலுகையை நீட்ட முடியாது என்பதே என் கருத்து. 'கடவுள் செயல்' என்ற வாதமும் எளிதில் நிற்காது. வடகிழக்குப் பருவத்தில் கடலூர் மாவட்டத்தில் கனமழை பெய்யும் என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். அன்றைய மழையளவை வானிலை ஆய்வுத் துறையிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கின் உயிர் நிலமட்டத்தில் இருக்கிறது. மண் கொட்டுவதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எப்.எம்.பி. வரைபடமும் வாங்குங்கள். கரைந்த விளக்குகளின் மண்ணை வாரிக் கொட்டும் முன் தேதியோடு படமெடுங்கள். களிமண் வாங்கிய பில், கூலிக் கணக்கு, ஆர்டர் சீட்டு இவையெல்லாம் சேர்ந்தால்தான் இழப்புத் தொகையை நிரூபிக்க முடியும். இன்சூரன்ஸ் இருந்தால் உடனே தெரிவியுங்கள்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். அசையாவிட்டால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடோடு, நீர்வழியைத் திறந்துவிடச் செயலுறுத்துக் கட்டளையும் கேளுங்கள். வெறும் பணம் வாங்கினால் அடுத்த ஐப்பசியிலும் இதே கதிதான். வழக்குப் போட்ட கையோடு, இடத்தைப் பார்வையிட்டு மட்டம் அளக்க வக்கீல் கமிஷனரை நியமிக்க மனு போடுங்கள். தண்ணீர்க் கறை சுவரில் இருக்கும்போதே அவர் வருவது நல்லது. நஷ்டஈட்டுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. கோபத்தில் நீங்களாகச் சுவரை உடைத்துவிடாதீர்கள். புகார் உங்கள் மேல் திரும்பும். சுவர் ஓடைப் புறம்போக்கில் நிற்கிறதென்றால், 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கேட்டுத் தாசில்தாரிடம் தனியாக மனு கொடுங்கள்.

செலவுக்கு வழியில்லை என்றால், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, இலவச உதவி பெறத்தக்கவர்களில் வெள்ளத்தால் நலிந்தவர்களையும் சேர்த்திருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். வழக்குக்கு முன்பே இருவரையும் அழைத்துப் பேச வைக்கவும் அங்கே கேட்கலாம்.