ஐம்பதுக்கு மேல் கிடார்: விரல் இறுக்கம் தளர

வாசிக்க உட்காரும் முன் கைகளை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் வைத்திருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் நீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு விரல்களை மெல்ல மூடித் திறந்தால் போதும். இழுத்து வளைக்க வேண்டாம்.

தேவைக்கு மேல் அழுத்துவதாலும் இறுக்கம் வருகிறது. கம்பியை லேசாகத் தொட்டபடி மீட்டுங்கள், ‘டப்’ என்று மட்டும் கேட்கும். ஒலி தெளியும்வரை சிறிது சிறிதாக அழுத்துங்கள். அதற்கு மேல் போடும் பலம் வீண். ஃப்ரெட்டை ஒட்டி, சற்றுப் பின்னால் விரல் வைத்தால் இன்னும் எளிது.

2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் விரல்களை அவ்வளவு அகட்ட வேண்டியதில்லை. ஸ்டீல் கம்பி வலித்தால் நைலான் கம்பி கிடாருக்கு மாறலாம். விரல் மரத்துப்போனாலோ மூட்டு வீங்கினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.