கடைக் கணினியும் தானியங்கிப் புதுப்பிப்பும்



பில் போடும் கணினியில் லினக்ஸ் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மில் உண்டு. லினக்ஸ் நமக்குப் புதிய சரக்கும் அல்ல. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், 2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் வழியே நம் வீடுகளுக்குள் வந்ததுதான். "லினக்ஸுக்கு வைரஸ் வராது, ஒரு தடவை போட்டால் போதும்" என்கிறார்கள். அது பாதிதான் சரி.

2017 மே 12 அன்று 'வானாகிரை' பரவி விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தம் மார்ச் 14லேயே வந்துவிட்டது. போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதே மே மாதத்தில், லினக்ஸில் கோப்புகளைப் பகிர உதவும் 'சாம்பா'விலும் ஓர் ஓட்டை தெரியவந்தது. 2010 முதலே இருந்த ஓட்டை! கடையிலிருந்தும் கிட்டங்கியிலிருந்தும் ஒரே கணக்கைப் பார்ப்பவர்களில் பலர் பயன்படுத்துவது இந்தச் சாம்பாவைத்தான்.

திருத்தங்களைத் தானாகவே போட, உபுண்டுவில் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து 'அப்டேட்ஸ்' பக்கம் செல்லுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நேரே, தானாக இறக்கி நிறுவும்படி இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் மின்டில் 'அப்டேட் மேனேஜர்', 'எடிட்', 'பிரிஃபரன்சஸ்', 'ஆட்டோமேஷன்' என்று போக வேண்டும். அதற்குமுன் 'டைம்ஷிஃப்ட்' அமைத்துவிட்டால், கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பது கணினியின் அமைப்பை, பேரேட்டை அல்ல. கணக்குக்குத் தனியே பென்டிரைவில் நகல் எடுத்தே ஆக வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது நேரம். உபுண்டுவில் இந்த வேலை காலை 6 மணியிலிருந்து 7 மணிக்குள் நடக்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்போது நம் கடைக் கணினி ஏது? ஆகவே கடை திறந்து கணினியைப் போட்டதும் அது தொடங்கிவிடும். தீபாவளி நெருக்கத்தில் ஒருநாள் அப்படி ஓடும்போது மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடந்தது, என் அசட்டைதான். கணினி எழுந்தது, பிரின்டர் எழவில்லை. மதியம் வரை கையால் பில் எழுதினோம். பழுது பார்க்க வந்த தம்பி 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்து, பாதியில் நின்றதை முடித்துக் கொடுத்தார். பேட்டரி மாற்றும் செலவு, அன்று திரும்பிப் போன வாடிக்கையாளர்களின் வியாபாரத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது.

கெர்னல் திருத்தம் கணினியை அணைத்துப் போட்டால்தான் வேலைக்கு வரும். இரவில் அணைப்பவர்களுக்குக் கவலையில்லை. வாரக்கணக்கில் ஓடவிடுபவர்கள் கடை சாத்தும்போது ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தானாக அணைந்து எழும் வசதியை மட்டும் இயக்க வேண்டாம். பில் பாதியில் இருக்கும்.

இன்னொன்று. இந்தத் திருத்தங்கள் இருக்கும் பதிப்புக்குள்தான். அடுத்த பதிப்புக்கு அவை தாமாகக் கொண்டுபோகா. உபுண்டு நெடுங்காலப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டு. 20.04க்கு அது 2025 மே மாதத்தோடு முடிந்தது. பதிப்பு மாற்றுவதை மார்ச் கணக்கு முடிப்பில் வைத்துக்கொள்ளாமல், பில் மென்பொருள் தந்தவரிடம் கேட்டுவிட்டு, ஒரு விடுமுறை நாளில் செய்யுங்கள்.