கண்ணும் நாவும்: உண்ணும் நெறியில் ஒரு சிந்தனை

உணவிற்குச் சுவை வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. தோற்றமும் அதே அளவு வேண்டுமா என்னும் வினாவை நம் இல்லங்களில் இளைஞர்கள் எழுப்புவதுண்டு. கண்ணுக்கு இனியதே நாவுக்கும் இனிக்கும் என்பர் சிலர். உண்டு முடித்தபின் வண்ணம் எதற்கு என்பர் வேறு சிலர். கண்ணும் நாவும் ஐம்பொறிகளுள் அடங்கியவையே. ஆகவே இவ்விரண்டில் எது பெரிது என்று வழக்காடுவதைவிட, உண்ணுங்கால் ஒவ்வொன்றுக்கும் உரிய பணி யாது என்று ஆராய்வதே நமக்குப் பயன் தரும்.

கோடை விடுமுறையில் நம் குடும்பத்தார் பலர் செல்லும் பழனிமலைப் பகுதியையும் கொடைக்கானலையும் இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

இம்மலைச் சரிவுகளில் விளையும் விருப்பாட்சி மலைவாழை 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. சிறிய பழம், நன்கு கனிந்தபின் தோல் கறுத்துச் சுருங்கும். அறியாதார் அழுகியதென்று ஒதுக்குவர். உள்ளே சதையோ மணமும் இனிமையும் மிக்கிருக்கும். இதற்கு மாறாக, கார்பைடு கல்லால் பழுக்கவைத்த பழம் மேலே பொன்னிறம் காட்டும். உள்ளே காயாகவே இருக்கும். இம்முறை நம் நாட்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே தோற்றம் ஒன்றை மட்டும் நம்புவது பிழையாகும்.

அங்ஙனமாயின் சுவை மட்டும் போதுமோ? 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தை நோக்குவோம். வாழைப்பழம், சர்க்கரை, நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் அதில் தேனும் சேர்கிறது. அதனைப் பிரசாதமாகப் போற்றும் அன்பர்களின் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆயினும் தேன் நமக்கு விலக்கு. சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்கி ஐந்து அணுவிரதங்களைக் காப்பதையே இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களாக வகுத்தருளினார். தேன் எடுப்பதில் சிற்றுயிர்கள் மடிவதே விலக்கிற்குக் காரணம். கலந்துவிட்ட தேனைக் கண் பிரித்தறியாது. நாவோ இனிப்பில் மயங்கிவிடும். கேட்டறியும் அறிவு ஒன்றே நம்மைக் காக்கும்.

அழகின் பொருட்டு நேரும் ஹிம்சைக்கு மற்றொரு சான்றும் உண்டு. இனிப்புகளின் மேல் ஒட்டப்படும் வெள்ளித்தாளுக்குச் சுவை ஏதுமில்லை. பளபளப்பு ஒன்றே அதன் பயன். அதனை விலங்கின் குடல் அல்லது தோல் அடுக்குகளுக்கிடையே வைத்து அடித்து மெலிதாக்கும் வழக்கம் இருந்து வந்தது. அதன் உற்பத்தியில் எந்நிலையிலும் விலங்குப் பொருளைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டில் விதித்தது. எனினும் வாங்குமுன் விசாரித்தறிதல் நம் கடமையேயாகும்.

இனிக் கண்ணின் உண்மையான பணி யாது? நம் திகம்பர முனிவரர்கள் நாளில் ஒருமுறை, நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு ஆகாரம் ஏற்கின்றனர். கலத்தின் அழகுக்கு அங்கு இடமேது? பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறு ரசங்களுள் சிலவற்றையோ அனைத்தையுமோ துறப்பது ரசபரித்தியாகம் என்னும் தவம். சுவையையும் அவர்கள் நாடுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு கவளத்தையும் கூர்ந்து நோக்கியே உட்கொள்கின்றனர். இறந்த சிற்றுயிரோ மயிரோ தென்படின் அந்தராயமெனக் கொண்டு அன்றைய ஆகாரத்தை அத்துடன் நிறுத்துவர். இங்கே கண் இன்பம் துய்க்கும் பொறியன்று, உயிர்காக்கும் காவலாளி. பகலுணவு நெறியின் கருத்தும் இதுவே.

பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலை, பண்டைய அயிரைமலை, இவ்வுண்மைக்கு இன்னொரு விளக்கம் தருகிறது. பதினாறு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட அம்மலையில், வரகுண பாண்டியனின் 8-ஆம் ஆட்சியாண்டாகிய சக ஆண்டு 792-இல் (கி.பி. 870) பொறிக்கப்பட்ட கல்வெட்டு உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் மற்றும் இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து, இடையறாத திருவமுதுக்கும் ஒரு துறவியின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகிறது. உணவின் வண்ணமோ சுவையோ அதில் பேசப்படவில்லை. அறவழியில் நிற்பார்க்கு உணவு முட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதே பேசப்பட்டது.

ஆகவே தோற்றம் முக்கியமே. ஆனால் மயங்குதற்கன்று, ஆராய்தற்கு. கொடைக்கானலில் பிற்பகலிலேயே மூடுபனி சூழ்ந்து ஒளி மங்குவதுண்டு. அங்குச் செல்வோர் பகலொளி உள்ளபோதே உணவை முடித்துக்கொள்ளுதல் நன்று. தானியத்தைப் புடைத்து ஆய்வதையும், நீரை வடிகட்டுவதையும், காயை அரிந்து உள்ளே நோக்குவதையும் தாய்மார்கள் தம் சிறார்க்கு அருகிருத்திக் கற்பிப்பார்களாக. இலையில் தூய சோறும் ஒரு கறியும் ஒழுங்குறப் பரிமாறப்பட்டால் அதுவே போதிய அழகு. முதலில் அறிவு, அடுத்துக் கண், பின்னரே நா என்னும் வரிசையை நம் இல்லங்களில் நிலைநிறுத்துவோமாக.

வாழ்க அறம்! வளர்க அஹிம்சை!