நர்ஸ் வேலை வேண்டாம்!

பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில் கோப்ளின் முகாமைத் தாண்டவே முடியவில்லை, சார். ஷேடோஹார்ட் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிறாள். அப்படியும் நாலு பேரும் செத்துப்போகிறோம். என்ன செய்வது?
– வாசகர், காப்பார்

முதலில் அவளை நர்ஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள், தம்பி. ஆரம்ப நிலைகளில் அவள் ஒரு சுற்றில் ஏற்றும் உயிரை இரண்டு கோப்ளின்கள் அதே சுற்றில் இறக்கிவிடுவார்கள். ஒரே ஒரு புள்ளி உயிரோடு தள்ளாடுபவனும் முழு பலத்தோடுதான் வெட்டுவான். அதனால் ஆளுக்கொருவனைப் பிடிக்காமல், நால்வரும் ஒருவன் மேலேயே பாயுங்கள். அவன் சாய்ந்த பிறகு அடுத்தவன்.

சண்டை தொடங்கியதும் ஷேடோஹார்ட் ‘பிளெஸ்’ போடட்டும். மூன்று பேருக்கு, ஒவ்வொரு தாக்குதலிலும் நாலுமுகப் பகடை ஒன்று கூடுதலாக உருளும். அடிபட்டால் மந்திரம் கலையலாம். அவளைப் பின்னால் நிறுத்துங்கள். யாராவது விழுந்தால் மட்டும் ‘ஹீலிங் வேர்ட்’. தூரத்திலிருந்தே எழுப்பலாம், போனஸ் ஆக்‌ஷன்தான் செலவு, அடிக்கவும் கை மிச்சம்.

வில்லாளியை மேட்டில் ஏற்றினால் குறிக்கு இரண்டு புள்ளி கூடும். தண்ணீர்ப் புட்டியை எறிந்து நனைத்துவிட்டு மின்னல் விட்டால் சேதம் இரட்டிப்பு. (இத்தனையும் யோசித்துவைத்த லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலேயே ஒரு ஸ்டூடியோ உண்டு. கோபத்தில் கிள்ளானில் கொமுட்டர் ஏறிவிடாதீர்கள்!)

முகாம் முழுவதையும் ஒரே நேரத்தில் உசுப்பவும் வேண்டாம். பூசாரி கட் உங்களைத் தனியறைக்கு அழைப்பாள். தயங்காமல் போங்கள். கணக்கை அங்கேயே, கதவுக்குப் பின்னால் தீர்த்துக்கொள்ளலாம்.