மாமா கேட்ட கேள்வியும் நிசான் லீஃப் சொன்ன பதிலும்

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப மாமா ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, நீதான் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் ஆச்சே. பழைய எலக்ட்ரிக் கார் ஒண்ணு விலைக்கு வருது. புதுசுல 110 கி.மீ. ஓடுமாம். சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு. வாங்கலாமா?"

மோட்டாரோட டார்க்-ஸ்பீடு கர்வ் கேட்டிருந்தா வரைஞ்சு காட்டியிருப்பேன். இதுக்குப் பதில் வரல. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த வாரம் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

படிக்க நான் எடுத்துக்கிட்ட வண்டி, முதல் தலைமுறை நிசான் லீஃப். நம்ம ஊர் ரோட்டுல நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்து, சாதாரண குடும்பங்கள் பெரிய எண்ணிக்கையில் வாங்கி ஓட்டிய முதல் எலக்ட்ரிக் கார்களில் ஒன்று இது. அதனால நல்லது, கெட்டது ரெண்டுமே வெளியே தெரிஞ்சிருக்கு.

ஒரே பேட்டரி, ரெண்டு நம்பர்

லீஃப் பேட்டரி 24 கிலோவாட் ஹவர். நம்ம கரண்ட் பில் பாஷையில் 24 யூனிட். அதில் ஓட்டுறதுக்குக் கிடைப்பது சுமார் 21 யூனிட். ஜப்பான் டெஸ்ட் முறைப்படி இந்த வண்டி 200 கி.மீ. ஓடும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2011 மாடலுக்குக் கொடுத்த அளவு 73 மைல், அதாவது 117 கி.மீ. யாரும் பொய் சொல்லல. டெஸ்டில் எவ்வளவு வேகம், எவ்வளவு ஏசி என்பதுதான் வித்தியாசம்.

117 கி.மீ.னு வச்சுக்கிட்டா ஒரு யூனிட்டுக்கு சுமார் ஐந்தரை கி.மீ. இப்ப குளிர்காலத்தை யோசிங்க. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வீணாக்குற சூடே ஹீட்டருக்குப் போதும். எலக்ட்ரிக் கார்ல அதையும் பேட்டரிதான் கொடுக்கணும். ஹீட்டர் 3 கிலோவாட் எடுத்து ஒரு மணி நேரம் ஓடினா 3 யூனிட் காலி. அதாவது 16 கி.மீ. போச்சு.

சராசரியை நம்பக் கூடாது

"அமெரிக்காவில் ஒருத்தர் ஒரு நாளைக்கு ஓட்டுறது சராசரியா 50 கி.மீ.கூட இல்ல, அப்புறம் என்ன?"ன்னு அப்ப நிறைய பேர் சொன்னாங்க. கணக்கு சரி, முடிவு அரைகுறை. பாலத்தை சராசரி லாரிக்கா டிசைன் பண்றோம்? வர்றதிலேயே கனமான லாரிக்குத்தானே! வண்டிக்கும் அப்படித்தான். வழக்கமா வர்ற நாட்களிலேயே அதிக தூரம் ஓட்டுற நாள் எதுவோ, அதை வச்சுத்தான் பார்க்கணும்.

வெயில் செய்த வேலை

லீஃபின் உண்மையான பலவீனம் இங்கதான். அதே 2010 டிசம்பரில் வந்த செவர்லே வோல்ட் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருந்தது. லீஃப் பேட்டரிக்கு திரவமும் இல்ல, ஃபேனும் இல்ல. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? வெப்பம் 10 டிகிரி கூடினா வினையின் வேகம் தோராயமா ரெண்டு மடங்கு. பேட்டரியை மெல்ல மெல்லக் கெடுக்கும் வினைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

2012 கோடையில் அரிசோனா மாநிலத்து ஓனர்கள் புகார் சொல்ல ஆரம்பிச்சாங்க. மீட்டரில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள், வண்டி வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாம குறைஞ்சுக்கிட்டே வந்தது. அதுக்கப்புறம்தான் 5 வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டத்துக்குக் கீழே போனா சரி செய்து தருவதாக நிறுவனம் வாரன்டி கொடுத்தது. 9 கட்டம்னா சுமார் 70 சதவீதம். 117 கி.மீ. வண்டி 82 கி.மீ. வண்டி ஆயிடும். 2014-ல் அறிவிச்ச புது பேட்டரி விலை, பழசைத் திருப்பிக் கொடுத்தா 5,499 டாலர்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் அளவுக்கு நம்ம ஊர்ல உச்ச வெயில் கிடையாது. ஆனா அங்கே குளிர்காலத்தில் பேட்டரிக்கு ஓய்வு கிடைக்கும். சென்னையின் ஆண்டு சராசரி வெப்பம் ஃபீனிக்ஸை விட அதிகம். குளிரூட்டல் இல்லாத பழைய பேட்டரி வாங்குறவங்க இதை மறக்கக் கூடாது.

ராத்திரி எங்கே நிற்கும்?

முதல் லீஃபின் உள் சார்ஜர் 3.3 கிலோவாட். முழு சார்ஜுக்கு 7-8 மணி நேரம். அமெரிக்க வீட்டு 120 வோல்ட் பிளக்கில் சுமார் 20 மணி நேரம். ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணியில் 80 சதவீதம் ஏறும்னாலும், அப்ப அந்த ஸ்டேஷன்கள் ரொம்பக் குறைவு. ஆக, சொந்த ஷெட்டும் அதில் ஒரு பிளக்கும் இருந்தவங்களுக்கு இந்த வண்டி தினமும் உதவியது. அது இல்லாதவங்களுக்குத்தான் தலைவலி.

மாமாவின் கணக்கு

புதுசுல 110 கி.மீ. பேட்டரிக்கு வயசானதால் 0.7 பெருக்கினா 77. ஏசி, டிராஃபிக், கொஞ்சம் மிச்சம் வைக்க 0.8 பெருக்கினா சுமார் 62 கி.மீ. மாமா கடைக்குப் போய் வர 34 கி.மீ. சரக்கு எடுக்கப் போற நாள் 50. பாஸ்!

போன் போட்டேன். "மாமா, கணக்கு சரியா வருது. ஆனா 0.7 நான் வச்ச அனுமானம்தான். ஃபுல் சார்ஜ் போட்டு, ஏசியோட ஓட்டி, எவ்வளவு ஓடுதுன்னு நீங்களே பாருங்க. அப்புறம், ராத்திரி வண்டியை எங்க நிறுத்துவீங்க?"

"தெருவுலதான் மாப்ள. நம்ம வீடு மாடியில இருக்கே. ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விட்டா ஆகாதா?"

"வேண்டாம் மாமா. ராத்திரி முழுக்க 10 ஆம்பியருக்கு மேல போனா அந்த ஒயர் சூடாகிக்கிட்டே இருக்கும். மழை வேற."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னார்: "சரி, கீழ ஷெட்டுல ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போட்டுக்கலாமான்னு ஹவுஸ் ஓனரைக் கேட்டுப் பார்க்கிறேன். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் பணம் பேங்க்லயே கிடக்கட்டும்."

உங்க வீட்டிலும் யாராவது பழைய எலக்ட்ரிக் கார் பார்த்தா, எவ்வளவு தூரம் ஓடும்னு கேட்கிறதுக்கு முன்னாடி ராத்திரி எங்கே நிற்கும்னு கேளுங்க.