வண்டி நகரும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கைமாறி வந்த கார். மாதம் ஒருமுறை அப்பாவைத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் பயணம். வழியில் டேஷ்போர்டுத் திரை அணைந்து தானாகவே மறுபடி எழுகிறது. போன் இணைப்பு அடிக்கடி விட்டுப்போகிறது. கடைக்காரர் இதைக் கழற்றிவிட்டுப் பத்து இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு திரையைச் சுற்றித்தான் இருக்கும்போல் தெரிகிறது. அதைப் பார்க்காமல் புதுச் செட் மாட்டினால், அதுவும் அணைந்து அணைந்து எழும்.

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை கொடுக்கும். செல்ஃப் அடிக்கும் நொடியில் பேட்டரியின் மின்னழுத்தம் 10 வோல்ட் வாக்கில் இறங்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னும் கீழே போகும். திரைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதைத் தாங்காமல் தன்னை அணைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். ஓட்டத்தின் நடுவே அப்படி நடந்தால், டெர்மினல் லூசாக இருக்கிறதா, வெள்ளையோ பச்சையோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்று நான்கு வருடம் உழைத்தாலே பெரிது. உங்களுடையது எப்போது மாற்றியது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய கார் வாங்கும் யாருக்கும் தெரிவதில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பேட்டரியையும், செட்டுக்குப் போகும் ஃப்யூஸையும், அதன் எர்த் வயரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 10 ஆம்பியர் இடத்தில் 20 போட்டால் அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

அடுத்து, செட்டில் செருகியே கிடக்கும் பென்டிரைவை எடுத்துவிட்டு ஒரு பயணம் போய்ப் பாருங்கள். ஒரு பாட்டுக் கோப்பு கெட்டிருந்தால்கூடத் திரை திணறுவதுண்டு. 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள கேயுஓடபிள்யூ என்ற பொது வானொலி, 94.9 பண்பலையில் ஒலிபரப்போடு சேர்த்துப் படங்களையும் டிஜிட்டலாக அனுப்புகிறது. சில படங்களின் பெயரில் அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் கடைசிப் பகுதி விடுபட்டுப்போனது. அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்களின் திரைகள் அதைப் படிக்கத் தெரியாமல் அணைவதும் எழுவதுமாக மாட்டிக்கொண்டன. வானொலியும் அந்த ஒரே நிலையத்தில் நின்றுவிட்டது. தொல்லையைத் தொடங்கி வைத்தது உள்ளே வந்த கோப்புதான்.

போன் இணைப்பு விட்டுப்போவதற்குக் கேபிளைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். கடையில் மலிவாகத் தொங்கும் பல கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே உண்டு, தகவல் போகும் கம்பி கிடையாது. சார்ஜ் ஏறும், போனைக் கார்த் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வராது. போனோடு வந்த கேபிள், அல்லது ஒரு மீட்டருக்குள் நீளமுள்ள நல்ல கேபிள் போதும். போனின் துளையில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள். போனில் பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தாலும் இணைப்பு அறும். இவ்வளவுக்கும் சரியாகாவிட்டால், போனிலிருந்து காரையும் காரிலிருந்து போனையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பல நேரம் பலிக்காது.

இத்தனையும் செய்த பிறகும் திரை அணைந்தால், அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். உள்ளிருக்கும் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கலாம். அதை ஏற்றி முடியும்வரை மின்சாரம் தடைபடக் கூடாது, எஞ்சினை ஓடவிடச் சொன்னால் வண்டியைத் திறந்த வெளியில் வைத்துச் செய்ய வேண்டும், பாதியில் மின்சாரம் போனால் திரை எழாமலே போகக்கூடும். உள்ளே இருக்கும் நினைவகச் சில்லே தேய்ந்துபோவதும் உண்டு. 2021இல் டெஸ்லா ஏறக்குறைய 1,35,000 கார்களை அதற்காகவே திரும்ப அழைத்தது. திரையை இயக்கும் 8 ஜிபி சில்லில் எழுதி எழுதியே அது ஓய்ந்துபோனது. பின்பக்கக் கேமராவின் படமும் அதோடு போனது. அப்படி நிஜமாகவே செட் போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள்: வயரை வெட்டக் கூடாது. உங்கள் மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து உங்கள் ஊர்க் கடை வரை. அதை மாட்டினால் போதும். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, சில வண்டிகளில் ஏசியின் அமைப்புகள்கூட அந்தத் திரையோடு பின்னிக்கிடக்கின்றன. வெட்டி ஒட்டிய வயரால் வரும் தொல்லை எப்போது, எந்த இடத்தில் வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் 4 x 50 வாட் என்று அச்சிட்டிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் செட்டுகள் தொடர்ந்து தரும் ஆற்றல் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் வாக்கில்தான் இருக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. திரையில் நான்கைந்து பழைய போன்களின் பெயர் வருவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். போனை இணைக்கும்போது நாம் சம்மதித்துவிட்டால், தொடர்பு எண்கள், யாரோடு பேசினோம் என்ற பட்டியல் எல்லாம் காருக்குள் நகலாகிவிடும். வழிகாட்டியில் வீட்டு முகவரியும் பதிந்திருக்கும். முன்பு அந்தக் காரை வைத்திருந்தவரின் குடும்பமே உங்கள் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. இன்றைக்கே அமைப்புகளுக்குள் போய் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிடுங்கள். அது அவருக்கு நீங்கள் செய்யும் உபகாரம்.

உங்களுக்காகச் செய்ய வேண்டியது வேறு. காரோடு பேசும் செயலி உள்ள மாடலாக இருந்தால், பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து வண்டி நீக்கப்பட்டதா என்று அந்தக் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். திரையை அழித்தால் அந்தக் கணக்கு அழியாது, அது வேறெங்கோ உள்ள சர்வரில் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் சார்ல்ஸ் ஹென்டர்சன் இதை 2017இல் வெளிப்படையாகச் சொன்னார்: தான் விற்றுவிட்ட கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், அதன் பூட்டைத் திறக்கவும் வருடக்கணக்கில் தன் போனாலேயே முடிந்தது என்று. அப்பாவோடு நெடுந்தூரம் வண்டி ஓட்டிப் போகிறவர் நீங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, வெயிலைத் தவிர. அமெரிக்காவின் அரிசோனாவில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அக்கினி நட்சத்திரத்தில் நெல்லை வெயிலும் இளைத்ததல்ல. அந்தச் சூட்டில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பசை இளகிக் குமிழ் விடும். தொடாத இடத்தில் தொட்டதுபோல் திரை வேலை செய்யும். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குச் சன்ஷேடு வையுங்கள். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, ஏசி கொஞ்சம் ஓடிய பிறகு திரையைத் தொடுங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி; தேவைப்பட்டால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, திரை அணைந்திருக்கும்போது. கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவமும் சானிடைசரும் திரையின் மேல்பூச்சைத் தின்றுவிடும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இடுவீர்கள். நல்லதுதான். திரையின் கண்ணாடியில் மட்டும் இட வேண்டாம். சந்தனம் காய்ந்தபின் தேய்த்து எடுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. விபூதித் துகளும் அப்படியே. ஸ்டியரிங்கின் நடுவிலும் கதவுப் பிடியிலும் இடுங்கள்.

கோவில்பட்டி அருகே திரை அணைந்தபோது 'என்ன ஆச்சு' என்று பார்த்துக்கொண்டே ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான். அந்த நான்குவழிச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 மீட்டர். இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 50 மீட்டர் தூரம் யாரும் ஓட்டாத வண்டியாக அது போகிறது. அந்தச் சாலையில் எதிர்த்திசையில் வரும் மொபெட்டும், நடுத்திட்டு இடைவெளியில் குறுக்கே வரும் ஆட்டுமந்தையும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் கார் தயாரிப்பாளர்களுக்குச் சொன்ன வரம்பே அதிகபட்சம் ஒரு பார்வைக்கு 2 நொடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடி என்பதுதான்.

திரைகள் இதைக் கடினமாக்குகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்வீடனின் 'வி பிலாகரே' என்ற கார் இதழ் 2022இல் ஒரு விமான ஓடுதளத்தில் சோதித்துப் பார்த்தது. வானொலி நிலையத்தை மாற்றுவது, உள்ளே சூட்டைக் கூட்டுவது போன்ற நான்கு வேலைகள், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் வருடத்து வோல்வோ 10 நொடியில், 306 மீட்டரில் முடித்தது. தொடுதிரையை நம்பிய புதுக் கார் ஒன்றுக்கு அதே வேலைகளுக்கு 1,372 மீட்டர் ஆனது. பொத்தானை விரல் தானாகத் தேடிக்கொள்ளும். கண்ணாடியில் தேட விரலுக்கு எதுவுமில்லை, கண்தான் போக வேண்டும். ஐரோப்பாவின் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹார்ன், அவசர அழைப்பு இவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் கேட்பது இந்தக் காரணத்தால்தான். இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டிய விதி.

குரலால் ஏவினால் போதுமே என்று தோன்றும். கண் சாலையில் இருக்கும், மனம் இருக்காது. யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, குரல் கட்டளையை முடித்த பிறகும் சில கார்களில் 27 நொடி வரை ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டது. மணிக்கு 90 கிலோமீட்டரில் அது 675 மீட்டர் தூரம்.

ஆகவே எஞ்சினைப் போட்டபின், வண்டி நகரும் முன், திரையோடு உங்கள் வேலை முழுவதையும் முடித்துவிடுங்கள். வழி, பாட்டு, ஒலி, ஏசி, எல்லாம். நடுவில் திரை அணைந்தால் அணைந்தே இருக்கட்டும். ரிவர்ஸ் கேமராவைத் தவிர ஓட்டுவதற்கு அதில் எதுவும் தேவையில்லை. சாத்தூரிலோ விருதுநகரிலோ டீ குடிக்க நிறுத்தும்போது பாருங்கள். பாட்டு மாற்றவும் ஒலி குறைக்கவும் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களை வீட்டு வாசலில் நின்றபடியே விரலுக்குப் பழக்குங்கள். வானொலி நிலையங்களை முன்கூட்டியே பதிந்து வையுங்கள். மதுரையை நெருங்க நெருங்கக் கோடைப் பண்பலை 100.5 தெளிவாக எடுக்கும். மலை உச்சியிலிருந்து வருவதால் அதன் வீச்சு அப்படி.

அப்பாவுக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, ஒலியைக் கூட்டினால் இரைச்சலாக இருக்கிறது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். மொத்த ஒலியைக் கூட்டாமல் பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள், டி.எம்.எஸ், சுசீலா குரல்கள் மேலே எழும். பேலன்ஸை இடப்பக்க முன்சீட்டுக்குத் தள்ளுங்கள். ப்ளூடூத்தில் கேட்கும்போது போனின் ஒலியை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டுக் காரில் குறைத்துக்கொண்டால் இரைச்சல் அடங்கும். செட்டின் ஒலியை முக்கால் பங்குக்கு மேல் கொண்டுபோக வேண்டாம், ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

அவருக்கென்று தனியாக ஒரு 16 ஜிபி பென்டிரைவ் தயார்செய்யுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தால் பழைய செட்டுகளும் படிக்கும். பாட்டுகளை எம்பி3 ஆக, படம்வாரியாகவோ பாடகர்வாரியாகவோ தனித்தனி ஃபோல்டரில் போடுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத செட்டில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் ஃபோல்டர்களுக்கு 01, 02 என்று எண் கொடுத்துவிட்டு, எந்த எண்ணில் யார் பாட்டு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். கண் சொட்டு மருந்து போட்ட நாளில் அதையும் படிக்க முடியாது. அன்றைக்கு 01இலேயே அவருக்கு மிகவும் பிடித்தவை இருக்கட்டும்.

பேட்டரி பார்த்தபின் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

அன்புடன்.